பத்தாவது ஆள் வரும்வரை

2021இல் ஒரு பிற்பகல். அத்தையைக் கோவிட் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மணி மூன்றரை இருக்கும். அத்தையையும் சேர்த்து ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நர்ஸ், பக்கத்தில் ஐஸ் பெட்டி, அதற்குள் திறக்காத குப்பி. "இன்னும் மூணு பேர் வரட்டும்மா. பத்துப் பேர் சேர்ந்தாத்தான் திறக்க முடியும்" என்றார். அதற்குப் பிறகு ஒரே ஒருவர்தான் வந்தார். நாலேகாலுக்கு எட்டுப் பேரையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். சண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஆதார் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்றைக்கு எனக்கு நர்ஸ் மேல்தான் கோபம். அப்புறம் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவிட் தடுப்பூசிகள் பெரும்பாலும் ஒரே குப்பியில் பல டோஸ்களாக வந்தன. கோவிஷீல்டு என்றால் பத்து. மாடர்னாவும் பத்து. ஃபைசர் முதலில் ஐந்து என்று வந்தது. ஆளுக்கொரு குப்பி செய்ய வேண்டுமென்றால் அத்தனை கண்ணாடி, அத்தனை நிரப்பும் இயந்திரம், குளிர்பெட்டிகளில் அத்தனை இடம் வேண்டும். உலகமே அவசரத்தில் இருந்தபோது அதற்கு வழியில்லை. சிக்கல் என்னவென்றால், ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே கிருமி வளராமல் தடுக்கும் பொருள் இந்த மூன்றிலும் கிடையாது. ஃபைசரைக் கலக்கிய பின் ஆறு மணி நேரம். மாடர்னாவுக்கும் ஆரம்பத்தில் ஆறு மணி நேரம்தான் சொன்னார்கள். அதற்குள் போடாததைக் கொட்டிவிட வேண்டும்.

அதாவது, தினமும் சாயங்காலம், உலகம் முழுக்க லட்சக்கணக்கான மேசைகளில் யாரோ ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டியிருந்தது. இருப்பது நான்கு பேர், குப்பியில் பத்து டோஸ். திறந்தால் ஆறு வீணாகும். திறக்காவிட்டால் நான்கு பேர் திரும்பிப் போவார்கள்.

மைனஸ் 70 டிகிரி பற்றி அப்போது பத்திரிகைகள் எழுதித் தள்ளின, நினைவிருக்கிறதா? ஃபைசர் ஊசியை அந்தக் குளிரில் வைக்க வேண்டும், ஏழை நாடுகளால் முடியுமா என்று. கடினமான வேலைதான். ஆனால் அது பணமும் உலர்பனிக்கட்டியும் பொறியாளர்களும் இருந்தால் தீர்கிற விஷயம். நாலு மணிக் கணக்கு அப்படித் தீராது. அதற்கு, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நம்ப வேண்டும்.

நம்பாமல் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தில் ஹாரிஸ் கவுண்டியில் நடந்தது இது. 2020 டிசம்பர் 29. அங்கே தடுப்பூசி வந்த புதிது. ஒரு முகாம் முடியும் நேரத்தில் கடைசி ஆள் வந்து சேர்ந்தார், அவருக்காக ஒரு புதுக் குப்பி திறக்கப்பட்டது. அவருக்குப் போட்டது போக மீதம் பத்து டோஸ் (குப்பியில் ஒன்று கூடுதலாகவே இருந்தது), ஆறு மணி நேரம். பொறுப்பில் இருந்த மருத்துவர் அங்கிருந்த பணியாளர்களைக் கேட்டார், காவலுக்கு நின்றவர்களைக் கேட்டார். வேண்டாம் என்றவர்களும் உண்டு, ஏற்கெனவே போட்டவர்களும் உண்டு. பிறகு தன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைத்து முதியவர்களையும் நோயாளிகளையும் தேடினார். சிலருக்கு அவர்கள் வீட்டுக்கே போய்ப் போட்டார். கடைசி டோஸுக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. நள்ளிரவு நெருங்கும்போது, நுரையீரல் நோய் இருந்த தன் மனைவிக்கே அதைப் போட்டார்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தடுப்பூசியைத் திருடியதாக வழக்கும் போட்டார்கள். நீதிபதி ஒருவர் ஜனவரியிலேயே அதைத் தள்ளுபடி செய்தார். ஆனாலும் அரசுத் தரப்பு விடாமல் பெருநடுவர் குழு (வழக்கு தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) வரை கொண்டுபோனது. 2021 ஜூன் கடைசியில் அந்தக் குழுவும் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது.

கடைசி டோஸ் மனைவிக்குப் போனது உறுத்தவில்லையா என்று கேட்கலாம். எனக்கும் ஒரு நொடி உறுத்தியது. அப்புறம் அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். எதிரே குப்பைத் தொட்டி, நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சரி, அவர் மேல் தப்பே இருக்கட்டும். அந்தப் பத்தையும் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவர் மேல் ஒரு வழக்கும் வந்திருக்காது. எனக்கு நெருடுவது அதுதான்.

அதே வாரங்களில் நியூயார்க் மாகாணம் செய்ததைப் பாருங்கள். வரிசை தாண்டிப் போட்டால் 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்றது. கொடுத்த டோஸ்களை ஒரு வாரத்துக்குள் போட்டு முடிக்காவிட்டால் ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் என்றும் சொன்னது. ஊசி போடுகிறவரின் இரண்டு காதையும் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. 2021 ஜனவரி, ஆரிகன் மாகாணம். முகாம் முடித்துத் திரும்பிய சுகாதாரப் பணியாளர்கள் பனிப்புயலில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார்கள். கையில் ஆறு டோஸ், காலாவதியாகப் போகிறது. இறங்கி நடந்து, முன்னும் பின்னும் நின்ற கார்களின் கண்ணாடியைத் தட்டி, வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு ஆறையும் போட்டு முடித்தார்கள். பாராட்டித்தான் செய்தி வந்தது. ஒரே நாடு, இடைவெளி ஒரு மாதம்கூட இல்லை. அங்கே திருட்டு, இங்கே சமயோசிதம்!

இந்தியாவுக்கு வருவோம். 2021 ஜனவரி 16 அன்று இயக்கம் தொடங்கியபோது, பத்து சதவீதம் வீணாகும் என்று வைத்துத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். பல டோஸ் குப்பி என்றால் அது இல்லாமல் முடியாது. பொது சுகாதாரத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தட்டம்மைத் தடுப்பூசியில் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் பாடம். ஆனால் மார்ச் மாதமே வீணான விகிதம் மாநிலவாரியாகச் செய்தியில் வர ஆரம்பித்தது. தெலங்கானா 17.6 சதவீதம், ஆந்திரம் 11.6, நாட்டின் சராசரி 6.5 என்று. ஜூனில் வந்த புது வழிமுறை இன்னும் ஒரு படி மேலே போனது. வீணாக்கினால் அந்த மாநிலத்துக்கான ஒதுக்கீடு பாதிக்கப்படும் என்றே எழுதிவிட்டார்கள்.

தில்லியில் எழுதிய அந்த ஒரு வரி படிப்படியாக இறங்கும். மாநிலம் மாவட்டத்தைக் கேட்கும், மாவட்டம் நிலையத்தைக் கேட்கும், கடைசியில் நாலு மணிக்கு ஐஸ் பெட்டி பக்கத்தில் நிற்கிற நர்ஸிடம் வந்து நிற்கும். அவர் என்ன செய்வார்? நாளைக்கு வாங்க என்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வீணான டோஸுக்கு ஒரு பத்தி இருக்கிறது, மேலே அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. திரும்பிப் போன ஆளுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. எதற்குக் கணக்கு கேட்கிறார்களோ அதைக் காப்பாற்றத்தானே எல்லாரும் பார்ப்பார்கள்.

சிக்கனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2021 மே தொடக்கத்தில் அவர்களுக்கு வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164. வந்ததைவிடப் போட்டது அதிகம்! மந்திரம் ஒன்றுமில்லை. குப்பியில் கொஞ்சம் கூடுதலாகத்தான் மருந்து நிரப்புவார்கள். சிரிஞ்சிலும் ஊசியிலும் தங்கிப் போவதை ஈடுகட்ட. கை பழகிய நர்ஸ் சொட்டு சிந்தாமல் எடுத்தால் பதினோராவது டோஸ் கிடைக்கும். அந்த நர்ஸுகளைப் பிரதமரே பாராட்டினார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் திறமை குப்பியைத் திறந்த பிறகு கைக்கு வருவது. திறக்கவே பயப்படுகிறவரிடம் போய் "கேரளாவைப் பார்" என்றால் அவர் என்ன செய்வார்?

ஃபைசர் குப்பியில் ஆறாவது டோஸ் வந்த கதையும் இதே மாதிரிதான், முடிவு மட்டும் கசப்பு. மருந்து அதிகம் தங்காத சிரிஞ்சைப் பயன்படுத்தினால் ஐந்துக்குப் பதில் ஆறு எடுக்கலாம் என்று ஊசி போட்டவர்கள் கண்டுகொண்டார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகாரபூர்வமாகவே ஆறு என்றாகிவிட்டது. ஒப்பந்தம் டோஸ் கணக்கில் இருந்ததால் நிறுவனமும் குப்பியை ஆறாகவே எண்ண ஆரம்பித்தது. அதாவது, அனுப்ப வேண்டிய குப்பி குறைந்தது. அந்த சிரிஞ்சு போதுமான அளவு இல்லாத ஜப்பான், ஐந்துதான் எடுக்க முடியும் என்று பிப்ரவரியில் சொல்ல வேண்டியதாயிற்று. கீழே ஒருவர் மிச்சம் பிடித்ததை மேலே யாரோ வரவு வைத்துக்கொண்டார்கள்.

வீண் என்று பேச வந்தால் பெரிய வீணைப் பேசுவோம். 2021 மே மாதம் மலாவி 19,610 அஸ்ட்ராஜெனெகா டோஸ்களை எரித்தது, காலாவதியாகிவிட்டதால். அதே வருடம் டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்களை அபுஜாவில் குப்பைக் கிடங்கில் கொட்டி அழித்தது. பணக்கார நாடுகள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்துவிட்டு, ஆயுள் முடியப் போகும் நேரத்தில் தானம் என்று அனுப்பிவைத்தவை நிறைய. ஒரு நாடு முழுக்கக் கொண்டுசேர்க்க சில வாரம்தான் இருக்கிறது என்றால் எந்த அரசாலும் முடியாது. இதில் யார் மேல் வழக்கு வந்தது?

ஒரு நண்பர் கேட்டார்: "மே மாசம் டோஸே இல்லாம ஜனங்க அலைஞ்சாங்களே, அப்பவும் ஒருத்தருக்காகப் பத்தைத் திறக்கச் சொல்றியா?" நியாயமான கேள்வி. இல்லை. பற்றாக்குறை இருக்கும்போது ஆளுக்குப் பஞ்சம் இருக்காது, ஆளை அழைக்க வழி இல்லாததுதான் பஞ்சம். தென் கொரியா அந்த மே மாதக் கடைசியில் அதற்கு ஒரு வழி செய்தது. அங்கே எல்லார் போனிலும் இருக்கும் நேவர், ககாவோ செயலிகளில், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் மீந்த டோஸ் இருக்கிறது என்று வரைபடத்திலேயே காட்டினார்கள். பார்த்ததும் முன்பதிவு செய்துகொண்டு ஓட வேண்டியதுதான். நம் நாட்டில் அதே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்கள் இணையத்தில் பதிவு செய்யாமல் வாசலுக்கே போக முடியாது என்று வைத்திருந்தார்கள். மே 24 அன்றுதான் அரசு மையங்களில் நேரில் பதிவு செய்ய அனுமதி வந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பதிவு செய்தவர்கள் வராமல் நாள் முடிவில் டோஸ் வீணாகிறது என்பது. செயலி ஒன்றுதான், கதவைத் திறக்கவும் செய்யலாம், பூட்டவும் செய்யலாம்.

யாருக்கு முதலில் போடுவது என்ற முன்னுரிமைப் பட்டியலிலும் பிரிட்டன் செய்தது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்பதே பிரிவு, பெரும்பாலும் வயதை வைத்து. பிறந்த தேதியைப் பார்த்தால் போதும், விவாதம் இல்லை. 2021 பிப்ரவரி நடுவில் முதல் நான்கு பிரிவுகளையும் சேர்த்து ஒன்றரைக் கோடிப் பேருக்கு முதல் டோஸ் போட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவே பிறகு மாறியது. 2021 மே மாதம் அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: டோஸை வீணாக்காமல் பாருங்கள், ஆனால் அதற்காக வந்தவரை விட்டுவிடாதீர்கள். கையில் மருந்து தாராளமாக இருக்கும் காலத்தில், தயங்கித் தயங்கி ஒருவழியாக மனசு மாறி வருகிற ஆள் எத்தனை பெரிய விஷயம்! அவரிடம் போய் இன்னும் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றா சொல்வது?

நான் ஒரு இயக்கத்தை நடத்துவதாக இருந்தால் (யாரும் கூப்பிடப் போவதில்லை, கவலை வேண்டாம்) முதல் சுற்றறிக்கையில் இரண்டு வரிதான் எழுதுவேன். மருந்து போதுமான அளவு இருந்தால் ஒருவருக்காகவும் திறக்கலாம். இல்லாத காலத்தில், திறந்த குப்பியில் மீந்ததை நேரம் முடிவதற்குள் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். இரண்டிலும் போட்டவரிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளும் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி இருந்தது, விடுப்பும் கிடைத்தது. போட்டுவிட்டார்கள். முந்தின நாள் பார்த்த முகங்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவைக் காணவில்லை.

இரண்டாவது டோஸுக்குப் போனபோதும் அதே நர்ஸ். காத்திருந்தது அத்தையும் இன்னொரு பெரியவரும் மட்டும்தான். இன்றைக்கும் நாளைக்கு வரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். "இப்ப ஒருத்தர் வந்தாலும் திறக்கச் சொல்லிட்டாங்க" என்றார், நான் கேட்காமலே.

அன்றைக்குத் திரும்பிப் போனவர்கள் எல்லாரும் பிறகு வந்தார்களா என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிப் பார்க்கப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அது தெரியாதுங்க. ஊசி போட்டவங்க பேரைத்தான் எழுதுவோம்."