மின்னலின்போது காரில் காப்பது எது?

ரப்பர் டயர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான் மின்னலின்போது காருக்குள் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதுண்டு. காருக்குள் இருப்பது பாதுகாப்பு என்பது சரி. சொல்லப்பட்ட காரணம் சரியன்று. பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு இறங்கும் மின்னலுக்குச் சில அங்குல ரப்பர் ஒரு பொருட்டே அல்ல. கூரையும் கதவுகளும் சேர்ந்த உலோகக் கூடுதான் மின்னோட்டத்தைத் தன் வெளிப்புறமாகவே கடத்தித் தரையில் இறக்கிவிடுகிறது. ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1836இல் கூண்டு ஒன்றை அமைத்து இத்தத்துவத்தைச் செய்துகாட்டினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவின் உலோகப் பகுதிகளைத் தொடாமல் அமர்ந்திருக்கச் சொல்வதும் இதனால்தான். டயரே காப்பதாக இருந்தால் பைக்கில் போகிறவருக்கும், துணிக்கூரை போட்ட ஆட்டோவில் இருப்பவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்க வேண்டுமே! சரிபார்க்க விரும்புவோர் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் மின்னல் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். டயர் பற்றிய இந்த நம்பிக்கையை அங்கே தனியாகவே குறிப்பிட்டு மறுத்திருக்கிறார்கள்.