மைல்களைத் தீர்மானிப்பது டிக்கெட்டில் உள்ள எழுத்து
ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் எந்த விமானத்தில் போனாலும், பறந்த தூரம் முழுவதும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் ஃப்ளைஸ்மைல்ஸ் கணக்கில் (பயணிகளுக்கு 'மைல்கள்' என்ற வெகுமதிப் புள்ளிகள் தரும் திட்டம்) சேரும் என்று சொல்வது சரியல்ல. இ-டிக்கெட்டில் 'கிளாஸ்' என்ற இடத்தில் இருக்கும் ஒற்றை எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தோஹா வழியாக லண்டன் போகும் ஒரே எகானமி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூட இது வேறுபடலாம். 'வை' (Y) எழுத்துக்கு முழு மைல்களும் கிடைக்கும்போது மலிவு டிக்கெட்டுக்குச் சிறு பங்குதான், சில எழுத்துகளுக்கு ஒன்றுமே இல்லை. எந்த எழுத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல் கூட்டாளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், காசு கட்டும் முன்பே பாருங்கள். நம்மவர்களுக்குப் பெயரும் ஒரு சிக்கல்: கணக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் முழுப்பெயர் என்றிருந்தால் மைல்கள் தானாக ஏறாமல் போகலாம். கட்டுநாயக்க விமான நிலையக் கவுண்டரிலேயே போர்டிங் பாஸில் உறுப்பினர் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மைல்கள் வந்து விழும்வரை அந்த பாஸை எறிய வேண்டாம், விடுபட்டதைக் கோர அதுவும் 13 இலக்க டிக்கெட் எண்ணும் தேவைப்படும்.