கிராண்ட் முடிஞ்சா கதையும் முடிஞ்சிடணுமா?

எங்க ஊர் லைப்ரரில போன வருஷம் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போட்டாங்க. கலிஃபோர்னியா வெயிலுக்கு அது நல்ல காரியம்தான், மனசார சந்தோஷப்பட்டேன். ஆனா அதே வருஷம் சனிக்கிழமை காலைல நடந்துட்டிருந்த ஸ்பானிஷ் ஸ்டோரி டைம் நின்னு போச்சு. கேட்டா கிராண்ட், அதாவது கொஞ்ச காலத்துக்கு மட்டும் வெளில இருந்து வர்ற உதவிப் பணம், முடிஞ்சிருச்சாம், அத நடத்திட்டிருந்தவங்க வேலையும் அதோட போச்சாம்.

அடுத்த சனிக்கிழமை என் பொண்ண கூட்டிட்டுப் போறேன், ஒரு பாட்டி பேரன் கையப் புடிச்சிக்கிட்டு கதவுல ஒட்டியிருந்த பேப்பரையே பாத்துட்டு நிக்கிறாங்க. ஸ்பானிஷ் கதை நிகழ்ச்சி ரத்துன்னு போட்ட அந்த நோட்டீஸ் இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்துச்சு. என் பொண்ணுதான் ஸ்கூல்ல படிக்கிற அரைகுறை ஸ்பானிஷ்ல "ஓய் நோ ஆய் குவென்ட்டோஸ்"னு சொன்னா. இன்னிக்கு கதை இல்லன்னு அர்த்தம். அந்தப் பையன் பாட்டி மூஞ்சியப் பாத்தான். எனக்கு வயித்த என்னமோ பண்ணிருச்சு.

அமெரிக்கன் லைப்ரரி அசோசியேஷன் 2019லயே சஸ்டெய்னபிலிட்டிய, அதாவது நீடிச்சு நிக்கிற தன்மைய, லைப்ரரியோட அடிப்படை மதிப்புகள்ல ஒண்ணா சேத்துட்டாங்க. சுற்றுச்சூழல், காசுக்கு கட்டுப்படியாகறது, சமூக நீதின்னு மூணையும் சேத்துதான் அதுக்கு அர்த்தம் சொல்றாங்க. நடைமுறைல முதல் ரெண்டும்தான் மீட்டிங்ல பேசப்படுது, ஏன்னா கரண்ட் பில்ல காட்டலாம். இந்த நாட்டுல வீட்டுல ஸ்பானிஷ் பேசறவங்க 4 கோடிக்கு மேல இருக்காங்க, அவங்களுக்கான சேவை மட்டும் இன்னும் விருந்தாளி மாதிரி வந்து வந்து போகுது.

புரா பெல்ப்ரேன்னு ஒரு அம்மா, போர்ட்டோ ரிக்கோக்காரங்க, 1921ல நியூயார்க் பப்ளிக் லைப்ரரில சேந்தாங்க. ஸ்பானிஷ், இங்கிலீஷ்னு ரெண்டு மொழிலயும் கதை சொல்லி, பொம்மலாட்டம் போட்டு, ஸ்பானிஷ் பேசறவங்க ஜனவரில கொண்டாடற மூணு ராஜாக்கள் பண்டிகைய லைப்ரரிக்குள்ளயே கொண்டாடி அக்கம்பக்கத்து ஜனங்கள உள்ள வரவச்சாங்க. ரிட்டயர் ஆனப்பறம் 1968ல சவுத் பிராங்க்ஸ் பிள்ளைங்களுக்காக திரும்பவும் வந்தாங்க, அறுபது தாண்டின வயசுல. அவங்கள நெனச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது, ஆனா எத்தன நாளைக்கு ஒரே ஆள் தோள்லயே ஏத்தி வச்சிட்டுப் போறது?

நிக்க வைக்க முடியும்ங்கறதுக்கு பக்கத்துலயே ஓக்லண்ட் இருக்கு. ஃப்ரூட்வேல் ஏரியால 1966ல ஃபெடரல் கிராண்ட்லதான் லத்தீன் அமெரிக்கன் லைப்ரரின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கிராண்ட் முடிஞ்சதும் மூடல, சிட்டி லைப்ரரி அத தன்னோட கிளையாவே வச்சிக்கிச்சு. பின்னாடி விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பேர அதுக்கு வச்சாங்க. 1991ல அங்க பார்ட் ரயில்காரங்க ஸ்டேஷன் பக்கத்துல பல மாடி பார்க்கிங் கட்டறோம்னு அறிவிச்சப்போ, அந்த ஏரியா ஜனங்களும் யூனிட்டி கவுன்சில்ங்கற உள்ளூர் சமூக அமைப்பும் சேந்து எதுத்து நின்னு, அந்த இடத்துல வீடு, கிளினிக், முதியோர் மையம், கடைன்னு கேட்டு வாங்கினாங்க, 2004ல லைப்ரரியும் அங்கயே மாடிக்கு வந்துருச்சு. ரயில்ல இறங்கி நாலு எட்டு வச்சா ஸ்பானிஷ் புக்கு, கார் வேணாம், பெட்ரோல் வேணாம். சுற்றுச்சூழலும் சமூக நீதியும் ஒரே கட்டடத்துல இருக்கறத பாக்கணும்னா அங்க போங்க.

நம்ம ஆளுங்க சிலர் எங்கிட்ட கேட்டாங்க, தமிழுக்கே ஒரு செல்ஃப் இல்ல, நீ ஏன் ஸ்பானிஷுக்கு வரிஞ்சு கட்டிட்டு நிக்கிறன்னு. கேள்வில தப்பில்ல. ஆனா இத்தன பேர் பேசற ஸ்பானிஷுக்கே நிரந்தர போஸ்ட் போடாத லைப்ரரி நாளைக்கு நாம போய் கேட்டா தமிழுக்கு என்னத்த செய்யப்போகுது?

நான் கேக்கறது இதுதான், அந்த ஸ்பானிஷ் லைப்ரரியன் சம்பளம் கிராண்ட்ல இருந்து வரக்கூடாது, சோலார் பேனல் மெயின்டனன்ஸ் மாதிரி வருஷா வருஷம் ரெகுலர் பட்ஜெட்ல இருக்கணும். அடுத்த மாசம் பட்ஜெட் மீட்டிங்ல பேச பேர் குடுத்திருக்கேன், ஆளுக்கு 2 நிமிஷம்தான் குடுப்பாங்க. இந்தப் பக்கம் இருக்கறவங்க வர முடிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, ஸ்பானிஷ் தெரியணும்னு அவசியமில்ல.