ஆயிலைக் கூட்டினால் பழைய அவுட்போர்டுக்குச் சக்தி வராது

சிங்கப்பூரில் சாங்கி, பொங்கோல் பக்கம் மீன்பிடிக்கப் படகெடுக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: படகின் பின்னால் மாட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இழுக்காவிட்டால், பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) இரட்டிப்பாக்க வேண்டுமாம்.

இது தவறு. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும். பிளக்கில் கரி பிடிக்கும், புகை அதிகமாகும், இழுவை இன்னும் விழும். கையேடு 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்றால் 50:1தான். மிகப் பழைய சில மோட்டார்களுக்கு 25:1 இருக்கலாம், அதையும் கையேட்டிலேயே பாருங்கள்.

மோட்டார் இழுக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று உள்ளே போக விடும் திருகு. அது மூடிக் கிடந்தால் மோட்டார் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்துவிடும். அப்புறம், ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க, மோட்டார் திணறும்போதே பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்குங்கள். வேகம் மீண்டால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) போயிருக்கலாம், அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. பல்ப் தானாகச் சப்பிப்போனால் டேங்க் பக்கம் அடைப்பு. நம் ஊர் ஈரக்காற்றில், பாதி காலியான டேங்கில் தண்ணீரும் சேரும். ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

மோட்டார் இரைந்தும் படகு நகராவிட்டால் புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் ஹப் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் இழுக்காவிட்டால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் கப்பல் போகும் பாதைப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.