மெமரியை ஹில்பர்ட் கோட்டில் வரைந்து பாருங்கள்

மெமரி பாதிக்கு மேல் காலி என்று எண் காட்டும். ஆனாலும் பெரிய துண்டாகக் கேட்டால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் கையை விரித்துவிடும். காலியிடம் சில்லறையாகச் சிதறிக் கிடப்பதுதான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொடுமை புரியும். 4 ஜிபி மெமரியில் 2 எம்பி துண்டுகள் மொத்தம் 2048. ஒவ்வொன்றிலும் நகர்த்த முடியாத 4 கேபி பக்கம் (கர்னல் மெமரியைப் பிரிக்கும் அடிப்படை அலகு) ஒன்று உட்கார்ந்துவிட்டால் போதும். பயன்பாட்டில் இருப்பது வெறும் 8 எம்பி, ஆனால் 2 எம்பி முழுசாகக் காலியாக வேண்டிய ஹியூஜ் பேஜ் ஒன்றுகூடத் தேறாது!

(சாதாரண புரோகிராம்களுக்கு இது தெரியவே தெரியாது. விர்ச்சுவல் மெமரி சிதறலை மறைத்துவிடும்.)

இதைச் சதவீதமாகச் சொல்வது வீண் என்பது என் கட்சி. காலியிடக் கணக்கைக் காட்டும் லினக்ஸின் பட்டி இன்ஃபோவும் (buddyinfo) எந்த அளவில் எத்தனை துண்டு காலி என்று எண்ணித்தான் கொடுக்கும், எங்கே என்று சொல்லாது. படமாக வரைய வேண்டும். 4 ஜிபியில் 4 கேபி பக்கங்கள் 10,48,576. பக்கத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் 1024க்கு 1024 சதுரம், அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆனால் வரிவரியாக நிரப்பாதீர்கள். அப்படிச் செய்தால் 2 எம்பி காலியிடம் ஒரு புள்ளி தடிமனில் பாதி அகலத்துக்கு ஓடும் கோடாகிவிடும், கண்ணிலேயே படாது. 1891இல் கணிதவியலாளர் ஹில்பர்ட் வரைந்து காட்டினாரே, சதுரத்தை நிரப்பும் வளைகோடு, அதன் வழியே முகவரிகளை அடுக்குங்கள். அதே 2 எம்பி 16க்கு 32 செவ்வகமாக எழுந்து நிற்கும். கர்னலில் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பட்டி அலோகேட்டர் 2இன் அடுக்குகளில்தானே (1, 2, 4, 8 பக்கங்கள் என்று) இடம் பிரிக்கிறது? அதனால் அதன் ஒவ்வொரு துண்டும் இங்கே சதுரமாக வரும், அல்லது இரண்டு சதுரம் ஒட்டிய செவ்வகமாக வரும். இடத்தைக் கெடுக்கும் அந்த ஒற்றைப் பக்கம் செவ்வகத்துக்குள் தனிப் புள்ளியாக மாட்டிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்று பக்கம் நிரம்பியிருந்தால் அப்பட்டமான செஸ் போர்டு.

குறை இல்லாமல் இல்லை. முகவரியில் அடுத்தடுத்து இருப்பவை படத்திலும் ஒட்டியிருக்கும், ஆனால் படத்தில் ஒட்டியிருப்பவை எல்லாம் முகவரியில் பக்கத்தில் இருக்காது. கோடு கீழ் இடது மூலையில் தொடங்கிக் கீழ் வலது மூலையில் முடிந்தால், கீழ் விளிம்பின் நட்டநடுவில் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 3 ஜிபிக்கு மேல் தூரம். மவுஸை வைத்தால் முகவரி தெரியும்படி செய்துவிட்டால் குழப்பம் தீரும்.

சதுரத்தை Z வடிவில் நிரப்பிக்கொண்டு போகும் இசட் வரிசை போதாதா என்று சிலர் கேட்பார்கள். எழுதச் சுலபம்தான். ஆனால் அது அங்கங்கே தாவும். எல்லையைத் தாண்டிக் கிடக்கும் ஒரே காலியிடம் இரண்டாகப் பிளந்து தெரியும். சிதறலைப் பார்க்க வரையும் படமே புதிதாகச் சிதறலைக் காட்டினால் எப்படி? ஹில்பர்டுக்கும் ஒரு சின்ன லூப்தானே, சோம்பல்படாமல் எழுதிவிடலாம்.