பறையை வெளியே வை என்றால்

நம்ம சர்ச்சில் அசனத்தன்று, அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் விருந்தன்று, நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. கிழக்குத் தெருப் பையன்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பறையோடு வந்தார்கள். "பாட்டைப் பாடுங்கப்பா, அதை மட்டும் வெளிய வச்சிருங்க" என்று சொல்லிவிட்டது சபைக் கமிட்டி. பறையை வெளியே வை என்றால் அந்தப் பிள்ளைகளை வெளியே நில் என்றுதான் அர்த்தம்.

சாவு மேளமாம். சாவுக்கு அடிக்கச் சொன்னது யார்? நம்ம தாத்தாமார்தானே. அடிக்கவும் வைத்துவிட்டு, அதையே சொல்லித் தள்ளியும் வைப்பதா?

அன்று காலையில் கோயிலுக்குப் பின்னால் ஒரு தம்பி காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். தோல் முறுகியதும் விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடியும் அனலில் காட்டினான். பக்கத்துப் பந்தலில் அவன் அம்மா அசனத்துக்குக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். அம்மா அரிந்த காயை எல்லோரும் சாப்பிட்டோம். மகன் அடியை மட்டும் கேட்க மாட்டோம்.

சத்தம் அதிகம் என்கிறவர்களுக்கு: நம்ம டிரம்ஸ் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிறது. "தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள்" என்று சங்கீதம் 150-ஐ வாசித்துவிட்டு இதைச் செய்ய எப்படி மனசு வந்தது?

பாரம்பரியம் போய்விடும் என்கிறார் ஒரு அண்ணாச்சி. எந்தப் பாரம்பரியம்? 1774-ல் நம்ம திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், குறத்தி குறி சொல்லும் குறவஞ்சியை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். (சாதி விஷயத்தில் சாஸ்திரியாரோடு எனக்கு ஒத்துப்போகாது, அது தனிச் சண்டை.) மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாப்பிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையே எழுதினார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் விசுவாசம் என்று பேசினார். அவர் 2005-ல் இறந்தும் போனார், நாம் இன்னும் வாசலில் நின்று மறித்துக்கொண்டிருக்கிறோம்.

வருஷத்துக்கு ஒருநாள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் சேர்ந்து வாழ்கிறோம் என்று ஆகிவிடுமா? அவர்கள் உழைப்பு வேண்டும், காணிக்கை வேண்டும், அவர்கள் மனசிலிருந்து பிறந்த பாட்டு வேண்டாம் என்றால் அது என்ன ஐக்கியம்?

"நீ எதுக்கு இவ்வளவு பேசுத, நீ என்ன அந்தத் தெருவா?" என்று கூடப் படித்தவரே கேட்டுவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தத் தெருவாக இருந்தால்தான் வலிக்க வேண்டுமா?

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுந்து கேட்கப் போகிறேன். அந்தப் பையன்களும் என்னோடு வருகிறார்கள்.