யாருடைய கை?

தமிழ் வீட்டுப்பாடத்துக்காகச் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்த என் மகன் திடீரென்று கேட்டான்: "அப்பா, குண்டர் கும்பல்னா குண்டா இருக்கிறவங்களா? அதுக்கு ஏன் போலீஸ் பிடிக்குது?"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது 'குண்டா' என்ற இந்திச் சொல், தமிழுக்கு வந்து மரியாதையாக 'ர்' வாங்கிக்கொண்டது என்று விளக்கினேன். தேவாரத்திலும் குண்டர் வருவார்கள், அது சமணர்களுக்கு விழுந்த வசவு, அந்த வம்பு வேறு. "அப்போ தமிழ்ல இதுக்கு என்ன சொல்லுவாங்க?" என்றான் அடுத்து. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்தவருக்காக அழுக்கு வேலை செய்கிறவருக்கு நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கையாள், கைத்தடி, கைக்கூலி, எடுபிடி, அடியாள், ஏவலாள். அப்புறம் சென்னைப் பேச்சிலிருந்து வந்து சேர்ந்த அல்லக்கை. ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இவற்றில் எந்தச் சொல்லிலும் அந்த ஆள் தனியாக இல்லை. கை என்றால் அது யாரோ ஒருவருடைய கை. தடி என்றால் பிடித்திருப்பவர் ஒருவர் வேண்டும். 'எடுபிடி'யைப் பாருங்கள்: எடு, பிடி, இரண்டுமே கட்டளைகள். இன்னொருவர் வாயிலிருந்து வந்த கட்டளையே அந்த மனிதருக்குப் பெயராகிவிட்டது!

அடியாள் இன்னும் சுவாரசியம். இன்று அடிக்கிற ஆள். பழைய வழக்கில் அது அடியானுக்குப் பெண்பால், திருவடியைப் பற்றிய பக்தை தன்னைச் சொல்லிக்கொள்கிற சொல். அடி பணிவதும் அடி கொடுப்பதும் ஒரே எழுத்துகளில். கைக்கூலிக்கும் ஒரு கதை உண்டு. இங்கே சிங்கப்பூரில் இருக்கும் கடையநல்லூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால் கைக்கூலி என்பது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வரதட்சிணை என்பார்கள். மேடையில் யாராவது "அந்நியக் கைக்கூலி" என்று முழங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாப்பிள்ளைதான் கண்ணில் வருகிறார்.

ரௌடிக்கு நம் சிங்கப்பூர்ச் சொல் சம்செங். ஹொக்கியனிலிருந்து மலாய் வழியாக நம் வீட்டு வசவுக்குள் வந்துவிட்டது. என் அம்மா, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுப் போகிற எந்தப் பையனையும் "சம்செங் மாதிரி" என்பார். ஆனால் சம்செங்கை அனுப்பியவர் யார் என்று அந்தச் சொல் கேட்காது. ஆள் தெரிவார், பச்சை குத்தியது தெரியும், குரல் தெரியும், அவ்வளவுதான். ஆங்கிலத்தின் 'தக்' அப்படித்தான். இந்தியில் அது முதலில் ஏமாற்றுக்காரன். 1830களில் கம்பெனி அரசு வழிப்பறிக் கொலைக் கூட்டங்களை வேட்டையாடிய பிறகு அந்தப் பெயர் உலகம் சுற்றியது. அப்படித் தண்டனை பெற்றவர்களில் சிலரை இந்தப் பக்கத்துக்கும் கப்பலேற்றினார்கள்.

1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் தீவு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது அவர்கள் உழைப்பு. அந்தக் கைதிகளுக்குக் காவல் யார் தெரியுமா? நன்னடத்தை காட்டிய கைதிகளே. அவர்களில் மேலாளாக இருந்தவரைத் 'தண்டல்' என்றார்கள். பின்னாளில் மலாயாத் தோட்டங்களிலும் அதே தண்டல் வந்தார், கங்காணியோடு சேர்ந்து. தண்டலைத் திட்டாத தோட்டத்துப் பாட்டி கிடையாது. பங்களாவில் இருந்த துரையைத் திட்டிய பாட்டிகள் குறைவு. துரையை அவர்கள் எங்கே பார்த்தார்கள்?

ஆங்கிலத்தில் 'கோடரி ஆள்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. இப்போது அது அலுவலகத்தில் ஆட்குறைப்பு செய்ய வருகிறவருக்கு. சிங்கப்பூரில் நிஜமாகவே கோடரியோடு வந்த ஓர் ஆள் இருந்தார். அவர் குறிவைத்தது பிக்கரிங் என்ற ஆங்கிலேய அதிகாரியை. சீன மொழிகள் பேசத் தெரிந்த பிக்கரிங், 1877இல் சீனர் விவகாரங்களைக் கவனிக்கும் 'சீனர் காப்பாளர்' ஆகி, சீனர்களின் இரகசியச் சங்கங்களை அடக்க முயன்றவர். 1887இல் அவர் அலுவலகத்துக்கே வந்து ஒரு தச்சர் கோடரித் தலையை அவர் நெற்றியில் வீசினார். அந்தத் தச்சருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்ததாகப் பரவலாக நம்பப்பட்டது. 1890இல் இரகசியச் சங்கங்களைத் தடை செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சங்கம் போனது, வேலை போகவில்லை. இன்று அலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் இரவில் ஒரு 'ரன்னர்' வருவார். கதவில் சிவப்புச் சாயம், படிக்கட்டுச் சுவரில் ஓ, பி, இரண்டு டாலர் குறி: 'கடன்பட்டாய், கட்டு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். எங்கள் புளோக்கில் ஒருமுறை எண் தவறிப்போய் ஒரு வயதான மலாய் அம்மாவின் கதவில் ஊற்றிவிட்டார்கள். தின்னர் வைத்துத் தேய்த்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த ரன்னரை எத்தனை மொழிகளில் திட்டினோம் என்று கணக்கில்லை. முதல்முறை மாட்டினால் ஐந்தாண்டு வரை சிறை, 5,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், பிரம்படி. இப்படி மாட்டுகிற ரன்னர்களில் அதே அலோங்கிடம் கடன் வாங்கிக் கட்ட முடியாமல் சாய வாளி தூக்கியவர்களும் உண்டு. வாளியைக் கொடுத்தவர் எந்த நாட்டில் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறாரோ.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்லி ரன்னரை விட்டுவிடச் சொல்லவில்லை. அம்புக்குக் கண் கிடையாது, ரன்னருக்கு உண்டு. இருந்தும் யாருடைய கதவு என்று பார்க்காமலே ஊற்றினார். ஆனால் 'ரன்னர்' என்ற சொல்லில் எனக்குக் கோபம். ஏதோ ஓட்டப் பந்தயம் போல இருக்கிறது. 'அலோங் கைத்தடி' என்று எழுதுங்கள், படிக்கிறவருக்குக் கை ஞாபகம் வரட்டும்.

இதையெல்லாம் மகனிடம் விளக்கியவனுக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். வேலை குறைந்த சமயம். பதினொரு பேருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மேலே முடிவாகியிருந்தது. "நீ தமிழ்ல சொன்னா அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்று என்னிடம் பட்டியலைக் கொடுத்தார்கள். மாரீசனாவது முதலில் இராவணனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். நான் அதுகூடச் சொல்லவில்லை. எனக்கும் வீட்டுக்கடன் இருந்தது.

பதினொரு பேரில் ஒருவர் பட்டுக்கோட்டைப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்று எனக்குத் தெரியும். சைட்டுக்கு எதிரே காப்பிக்கடையில் உட்காரவைத்துச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "யாருண்ணே முடிவு பண்ணது?" என்று மட்டும் கேட்டார்.

பெயர் எனக்குத் தெரியும். "கம்பெனிதான்" என்றேன்.

தலையாட்டிவிட்டு எழுந்து போனார். திரும்பி வரும்போது இரண்டு தே வாங்கி வந்திருந்தார், எனக்கும் சேர்த்து. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. குடித்தேன்.